கீறலில் இறங்கிய தேன்

ஒரு சிறிய சட்டி. அதில் ஒரு கோப்பை பழுப்புச் சர்க்கரை, கால் கோப்பை தேன், இரண்டு மேசைக்கரண்டி கடுகு விழுது, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் அல்லது அன்னாசிச் சாறு. மெல்லிய தீயில் ஐந்து நிமிடம் கிளறினால், கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும் பாகு தயார். கிறிஸ்துமஸுக்கு ஹாம் சுடும் வீடுகளில், அது சென்னையானாலும் கொழும்பானாலும் டொராண்டோவானாலும், இந்தப் பாகை ‘கிளேஸ்’ என்கிறார்கள். உப்பிட்ட பன்றித் தொடையின் கொழுப்பைக் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்தி, பாகைத் தடவி ஓவனுக்குள் வைத்தால், அரை மணி நேரத்தில் அரக்குப் பூசிய மரச்செப்புபோல அது மின்னத் தொடங்கும்.

ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்தச் சட்டிக்கு வந்து சேர ஒவ்வொரு பொருளும் வேறு வேறு கடல் தாண்டியிருக்கிறது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவை வந்த வழியே கொஞ்சம் திரும்பி நடப்போம்.

கதை உப்பில் தொடங்குகிறது. ரோம அரசியலாளர் கேட்டோ, கி.மு. 160 வாக்கில் வேளாண்மை பற்றி ஒரு நூல் எழுதினார். திராட்சை, ஒலிவம், பண்ணை நிர்வாகம் என்று போகும் அந்த நூல், பன்றித் தொடையை உப்பிடும் முறையைச் சொல்லி முடிகிறது. தாழியின் அடியில் உப்பைப் பரப்பு, தோல் கீழே இருக்கும்படி தொடையை வை, உப்பால் மூடு, அடுக்கடுக்காக நிரப்பு. ஐந்து நாள் கழித்துக் கீழே இருப்பதை மேலே மாற்று. பன்னிரண்டாம் நாள் வெளியே எடுத்து உப்பைத் தட்டி, இரண்டு நாள் காற்றில் தொங்கவிடு. எண்ணெய் பூசி இரண்டு நாள் புகையில் காட்டு. பிறகு எண்ணெயும் வினிகரும் தடவி இறைச்சி அறையில் தொங்கவிடு. பூச்சியோ புழுவோ அண்டாது என்று உறுதி தருகிறார்.

புழு அண்டாத அளவுக்கு உப்பேறிய இறைச்சியை மனிதர் எப்படி உண்பது? கருவாட்டுக் குழம்பு வைக்கத் தெரிந்தவர்களுக்கு விடை தெரியும். முதலில் வெந்நீரில் ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும். பிறகு எஞ்சிய உப்பை அமர்த்த இன்னொரு வலுவான சுவை வேண்டும். நாம் புளியை ஊற்றினோம். ரோமர்கள் தேனை ஊற்றினார்கள்.

ரோமச் சமையல் குறிப்புகளின் பெரும் தொகுப்பு அப்பீசியஸ் என்ற பெயரில் நமக்குக் கிடைத்திருக்கிறது. இன்று நம்மிடம் உள்ள வடிவம் கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்டதாகக் கருதுகிறார்கள். அதில் ஹாமுக்கு ஒரு குறிப்பு உண்டு: நிறைய உலர் அத்திப்பழமும் மூன்று பிரிஞ்சி இலையும் போட்டுத் தொடையை வேகவை, தோலை உரி, சதுரம் சதுரமாகக் கீறு, கீறல்களைத் தேனால் நிரப்பு, எண்ணெய் விட்டுப் பிசைந்த மாவால் போர்த்தி, மாவு வேகும்வரை சூளையில் சுடு. ‘சதுரம் சதுரமாக’ என்பதற்கு அந்த லத்தீன் குறிப்பு பயன்படுத்தும் சொல், மொசைக் தரை பதிக்கும் சிறு கற்களின் பெயரிலிருந்து வந்தது. மாளிகைத் தரையில் கல் பதித்த ஊரில், தொடையிலும் அதே கட்டம். இன்று டிசம்பர் மாதத்தில் கத்தியை எடுத்துக் கொழுப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுகிற ஒவ்வொரு கையும், தெரிந்தோ தெரியாமலோ அந்த ரோமச் சமையற்காரரின் கையைத்தான் தொடர்கிறது.

அந்தக் குறிப்பில் இருந்த மாவுப் போர்வை மட்டும் வேறு வேலை செய்தது. விறகுச் சூளையில் தீயை அளந்து வைக்க முடியாது. மூடாமல் வைத்தால் தேன் கருகிவிடும், இறைச்சி காய்ந்துவிடும். ஆகவே மாவு ஒரு கவசம். இந்தக் கவசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பதினைந்து நூற்றாண்டுகள் அது கழற்றப்படாது.

ரோமப் பேரரசு போனபின், ஐரோப்பாவின் அரண்மனைச் சமையலறைகளில் மெருகுக்கு வேறொரு ஆசை பிறந்தது. இனிப்பைவிட நிறம் முக்கியமானது, அதிலும் பொன்னிறம். இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த ‘ஃபோர்ம் ஆஃப் க்யூரி’ என்ற சமையல் நூலின் காலத்தில், சுட்ட இறைச்சியின் மேல் முட்டை மஞ்சள்கருவும் குங்குமப்பூவும் பூசிப் பொன்னாக்குவது வழக்கம். விருந்து மேசைக்கு வருவது மின்ன வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. இனிப்பு அப்போது எட்டாக்கனி. தேன் உண்டு, சர்க்கரையோ மருந்துக் கடையில் மிளகு, கிராம்புடன் சேர்த்து நிறுத்து விற்கும் நறுமணப் பொருள்.

அந்தச் சர்க்கரை நம் பக்கத்திலிருந்து போனது. கரும்பை முதலில் பயிரிட்டது நியூகினித் தீவு. அங்கிருந்து அது ஆசியாவெங்கும் பரவியது. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். கரும்பு வெளியிலிருந்து வந்த விருந்தாளி என்ற நினைவு தமிழிலேயே இருக்கிறது. கி.மு. 325 வாக்கில் அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவர் நியர்கஸ், இந்தியாவில் தேனீ இல்லாமலே தேன் தரும் நாணல் இருப்பதாகச் சொல்லி வியந்தார். அந்த நாணலின் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் வித்தையை இந்தியர்கள்தான் முதலில் கண்டார்கள். சரளைக்கல்லைக் குறிக்கும் ‘சர்க்கரா’ என்ற சமஸ்கிருதச் சொல்லே அந்தப் படிகத்துக்குப் பெயரானது. அது பாரசீகத்தில் ‘ஷகர்’, அரபியில் ‘சுக்கர்’, இத்தாலியில் ‘சுக்கெரோ’, ஆங்கிலத்தில் ‘சுகர்’ என்று ஊர் ஊராக உடை மாற்றிக்கொண்டது. நம் கற்கண்டில் இருக்கும் ‘கண்டு’ம் ஆங்கிலக் ‘கேண்டி’யும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

சட்டியில் சிலர் போடும் இஞ்சிக்கும் இதே கதை. ஆங்கில ‘ஜிஞ்சர்’, கிரேக்க ‘ஜிங்கிபெரிஸ்’ வழியாகப் பின்னோக்கிப் போனால், நம் ‘இஞ்சி’யையும் ‘வேர்’ என்ற சொல்லையும் ஒத்த திராவிட வடிவத்தில் போய் நிற்கிறது என்பது சொல்லாராய்ச்சியாளர்கள் காட்டும் வழி.

கிராம்பு இன்னும் கிழக்கே பிறந்தது. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் தெர்னாத்தே, திதோரே போன்ற எரிமலைத் தீவுகள் சிலவற்றில் மட்டுமே அந்த மரம் இயற்கையாக வளர்ந்தது. அதன் விரியாத மொட்டைப் பறித்து உலர்த்தினால் ஆணி வடிவம் வரும். சீனர்கள் அதை ‘ஆணி வாசனை’ என்று அழைத்தார்கள். ஹான் பேரரசரின் அவையில் பேசுவோர் வாய் மணக்க அதை அடக்கிக்கொள்வார்களாம். உலகின் மறுகோடியில் பிரெஞ்சுக்காரர்களும் அதை ஆணி என்றே அழைத்தார்கள். ஆங்கிலக் ‘க்ளோவ்’ அந்தச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு கோடிகளுக்கும் நடுவே, இலங்கையின் மன்னார்க் கரையில், திருக்கேதீஸ்வரத்தை ஒட்டிய மாந்தைத் துறைமுகத்தில் அகழாய்வாளர்களுக்கு ஒரே ஒரு கிராம்பு கிடைத்தது. கி.பி. 900 முதல் 1100 வரையான காலத்தைச் சேர்ந்தது அது. மலுக்குவிலிருந்து மேற்கே போன எத்தனையோ மூட்டைகளிலிருந்து சிந்திய ஒரு மொட்டு, ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் காத்திருந்து தன் வழியைச் சொன்னது.

அந்த மூட்டைக்காகவே 1519-இல் மகெல்லன் ஐந்து கப்பல்களுடன் ஸ்பெயினிலிருந்து புறப்பட்டார். அவர் வழியில் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். 1522 செப்டம்பரில் ‘விக்டோரியா’ என்ற ஒரே கப்பல், 18 பேருடன் உலகைச் சுற்றிவிட்டுக் கரை சேர்ந்தது. அதன் வயிற்றில் இருந்த திதோரேக் கிராம்பை விற்ற பணத்தில் பயணச் செலவு முழுவதும் அடைந்துபோனது. கிராம்பு குத்திய ஹாம் எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்பது இப்போது விளங்கும். மேசைக்கு வரும் தொடையில் நூறு ஆணி அடிப்பது, வீட்டுக்காரரின் செல்வத்தை விருந்தினர் எண்ணிப் பார்க்கும்படி வைப்பதற்குச் சமம்.

பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி விலையைத் தன் பிடியில் வைக்க முடிவு செய்தது. அம்போனிலும் பக்கத்துச் சிறு தீவுகளிலும் மட்டும் கிராம்பை வைத்துக்கொண்டு, 1650-களில் மற்றத் தீவுகளின் மரங்களை வெட்டிச் சாய்த்தது. ஒரு மக்களின் தோப்பை அவர்கள் கண்முன்னே அழித்த அந்தச் செயல் மறக்கத் தகாதது. அந்த ஏகபோகத்தை முறியடித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் பியர் புவாவ்ர். ‘புவாவ்ர்’ என்றால் பிரெஞ்சில் மிளகு. கடற்போரில் பீரங்கிக் குண்டுக்கு வலக்கையை இழந்தவர். மொரீஷியஸ் நிர்வாகியாக இருந்தபோது ஆட்களை அனுப்பி, 1770-இல் மலுக்குவிலிருந்து கிராம்புக் கன்றுகளைக் கடத்திவரச் செய்தார். அந்த வழிவந்த கன்றுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான்சிபார் சேர்ந்தன. சில பத்தாண்டுகளில் சான்சிபார் உலகின் கிராம்புத் தலைநகரானது. விலை இறங்கியது. அரசர்கள் எண்ணிக் குத்திய ஆணியைக் குமாஸ்தா வீட்டிலும் குத்த முடிந்தது.

சர்க்கரை விலை இறங்கிய கதை இதைவிடக் கொடியது. 1493-இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் கரும்பையும் பன்றியையும் ஒன்றாகவே அட்லாண்டிக்கைக் கடத்தினார். ஹாமும் அதன் மெருகும் அமெரிக்கக் கண்டத்துக்குப் போனது ஒரே கப்பல் தொகுதியில் என்று சொல்லலாம். அடுத்த மூன்றரை நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பங்கினரை விழுங்கியது கரும்புத் தோட்டம். ஆங்கிலேயப் பேரரசில் அடிமைமுறை ஒழிந்ததும் அந்த இடத்துக்கு நம் மக்கள் போனார்கள். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு ஏற்றிச் சென்ற கூலிகள் நேட்டாலின் கரும்புக் காட்டுக்குத்தான் இறங்கினார்கள். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களுக்காகப் பாரதி கண்ணீர் வடித்துப் பாடினார். பழுப்புச் சர்க்கரையைக் கரண்டியில் அள்ளும்போது இதை நினைப்பது விருந்தைக் கெடுக்காது. விருந்துக்கு மரியாதை சேர்க்கும்.

கரும்புக்கு ஒரு போட்டியும் வந்தது. 1747-இல் பெர்லின் வேதியியலாளர் மார்க்கிராஃப், பீட்ரூட் வகைக் கிழங்கிலும் அதே சர்க்கரை இருப்பதைக் கண்டார். நெப்போலியன் காலத்துப் போரில் கடல்வழி அடைபட்டபோது, பிரான்ஸ் அந்தக் கிழங்கை நம்பி ஆலைகள் எழுப்பியது. இங்கிலாந்தோ 1874-இல் சர்க்கரை வரியை முற்றாக நீக்கியது. மருந்துக் கடைப் பொருள் மளிகைக் கடை மூட்டையானது.

கடுகுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. அது ஐரோப்பாவின் உள்ளூர்வாசி. ரோமர்கள் அரைத்த கடுகைப் புளிக்காத திராட்சைச் சாற்றில் குழைத்தார்கள். அந்தச் சாற்றின் லத்தீன் பெயரான ‘முஸ்தும்’ என்பதிலிருந்தே ‘மஸ்டர்ட்’ என்ற சொல் பிறந்தது. பிரான்ஸின் டிஜோன் நகரம் அதைத் தன் கைத்தொழிலாக்கியது. 1856-இல் அங்கே ழான் நெழோன் என்பவர் வினிகருக்குப் பதில் காய்த் திராட்சைப் புளிச்சாற்றைச் சேர்க்க, இன்றைய டிஜோன் சுவை உருவானது. இப்போது அந்த விழுதுக்குப் பெரும்பாலும் கடுகு அனுப்புவது கனடாவின் சமவெளிகள்.

இப்படி எல்லாப் பொருளும் மலிந்தபின்னும், 1861-இல் வெளிவந்த திருமதி பீட்டனின் புகழ்பெற்ற குடும்ப நிர்வாக நூல் ஹாமைச் சுடச் சொல்லும் முறை என்ன? மாவும் தண்ணீரும் பிசைந்து போர்த்திச் சுடு. பிறகு மாவையும் தோலையும் உரித்து, ரொட்டித்தூளைத் தூவு. அப்பீசியஸின் கவசம் அப்படியே இருக்கிறது! அடுப்பு மாறாமல் கவசம் மாறாது. இருபதாம் நூற்றாண்டில் வெப்பத்தைத் தானே அளந்து நிறுத்தும் ஓவன் வீடுகளுக்கு வந்தபிறகுதான் மாவு விடைபெற்றது. தொடையின் மேல்புறம் திறந்தது. அந்த வெற்றிடத்தில் பாகு குடியேறியது.

அமெரிக்காதான் அதற்குக் கோயில் கட்டியது. அன்னாசியின் வரவு ஓர் இயந்திரத்தின் கொடை. ஜேம்ஸ் டோல் 1901-இல் ஹவாயில் அன்னாசி டின் நிறுவனம் தொடங்கினார். அவருக்காக ஹென்றி ஜினாக்கா 1911-இல் வடிவமைத்த இயந்திரம், நிமிடத்துக்கு 100 பழம்வரை தோல் சீவி, நடுத்தண்டை எடுத்து, உருளையாக வெளியே தள்ளியது. உருளையை நறுக்கினால் வருவது வளையம். வளையத்தின் நடுவே ஓட்டை. அதில் வைக்க ஏதாவது வேண்டுமே. டால்மேஷியக் கடற்கரையின் சாதார் நகரத்து மதுவில் ஊறிய செர்ரியைப் போன்று செய்த சிவப்புச் செர்ரியை வைத்தார்கள். அன்னாசி வளையமும் செர்ரியும் பதித்த ஹாமின் அழகு, ஒரு தொழிற்சாலைப் பல்சக்கரம் தீர்மானித்த அழகு. தெற்கு மாநிலங்களிலோ 1886-இல் அட்லாண்டாவில் பிறந்த கோக-கோலாவையே சட்டியில் ஊற்றினார்கள். சர்க்கரையும் புளிப்பும் மசாலாவும் ஒரே புட்டியில் இருக்கும்போது வேறென்ன வேண்டும்? அந்தப் பழக்கத்தைப் பின்னாளில் சமையல் நூலாசிரியர் நைஜெல்லா லாசன் பிரிட்டனில் பரப்பினார்.

டெட்ராய்ட்டில் ஹாரி ஹோன்சலார் என்பவர் நடு எலும்பைச் சுற்றி ஹாமைச் சுருள் சுருளாக நறுக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். 1952-இல் காப்புரிமை கிடைத்தது. 1957-இல் கடை திறந்தார். தேனும் சர்க்கரையும் கலந்த மெருகைத் தீச்சுடரால் உருக்கி மொறுமொறுப்பாக்கி விற்றார். காப்புரிமைக் காலம் முடிந்ததும் நாடெங்கும் அதே சுருள், அதே மெருகு.

மற்ற ஊர்களில் கிளைகள் வேறு மாதிரி வளர்ந்தன. சுவீடனின் கிறிஸ்துமஸ் ஹாம், திருமதி பீட்டனின் ரொட்டித்தூளைக் கைவிடவில்லை; கடுகும் முட்டையும் பூசி அதன்மேல் தூவுகிறார்கள். பிலிப்பைன்ஸில் அன்னாசிச் சாற்றில் வெந்த தொடையின்மேல் பழுப்புச் சர்க்கரையைத் தூவி, பழுக்கக் காய்ச்சிய தோசைத்திருப்பியால் அழுத்தித் தேய்க்கிறார்கள்; ஓவன் இல்லாமலே மெருகு. சீனாவின் ஜியாங்நான் பகுதியிலோ, உப்பேறிய ஜின்ஹுவா ஹாமை இனிப்புப் பாகில் ஆவியில் வேகவைக்கிறார்கள். ரோமக் குறிப்பைப் பார்த்து அவர்கள் கற்கவில்லை. உப்பிட்ட தொடை இருக்கும் ஊரில், நாக்கு தானாகவே தேனைத் தேடுகிறது.

அந்த மினுமினுப்புக்குள் நடப்பதை 1912-இல் லூயி கமீல் மைலார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கினார். சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூறு வகை மணத்தையும் பிறப்பிக்கின்றன. கூடவே சர்க்கரை தனியாகவும் கருகிக் காரமலாகிறது. சாதாரணச் சர்க்கரைக்கு அதற்கு 160 டிகிரி செல்சியஸ் வேண்டும். தேனில் நிறைந்துள்ள ஃப்ரக்டோஸுக்கு 110 டிகிரியே போதும். ஆகவேதான் தேன் சேர்ந்த பாகை முதலிலேயே பூசக் கூடாது. கடைசி அரை மணி நேரம்தான் அதன் நேரம். ரோமர்கள் மாவைப் போர்த்திச் சமாளித்ததை நாம் கடிகாரத்தைப் பார்த்துச் சமாளிக்கிறோம்.

இந்தப் பயணத்தில் என் மனத்தில் தங்கியது ஒன்று. கேட்டோவின் வீட்டில் உப்பிட்டதும், புகை காட்டியதும், காயவைத்ததும் அந்த வீட்டு ஆட்களின் கை. இன்று இவை அனைத்தையும் ஆலை செய்துவிடுகிறது. கடையில் வாங்கும் ஹாம் பெரும்பாலும் வெந்தே வருகிறது. பழைய கொடும் உப்பும் அதில் இல்லை. உப்பை அமர்த்தப் பிறந்த மெருகுக்கு அந்த வேலை ஏறக்குறைய போய்விட்டது. இருந்தும் வீடுகள் அதை விடவில்லை. ஒரு வீட்டு ஹாமுக்கும் அடுத்த வீட்டு ஹாமுக்கும் வித்தியாசம் காட்ட எஞ்சியிருக்கும் ஒரே இடம் அந்தச் சட்டிதான். பாட்டி ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டதும், மாமா கடுகை இரட்டிப்பாக்கியதும் அங்கேதான் பதிவாகின்றன. அதனால் பாக்கெட்டில் வரும் பொடியைப் பிரிக்காமல் நீங்களே கிளறுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

நான்கு கிலோ வெந்த ஹாமுக்குத் தொடக்கத்தில் சொன்ன அளவு போதும். ஹாமை அலுமினியத் தாளால் மூடி 160 டிகிரியில் இரண்டு மணி நேரம்போலச் சூடேற்றுங்கள். நடுவே 60 டிகிரி எட்ட வேண்டும். வெளியே எடுத்துக் கொழுப்பை மட்டும் கீறுங்கள். இறைச்சிவரை கத்தி போகக் கூடாது. கிராம்பைக் குத்தி, பாகை மூன்றில் ஒரு பங்கு தடவி, 200 டிகிரியில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாக மீதியை இருமுறை பூசுங்கள். அன்னாசி புதிதாகப் பிழிந்த சாறாக இருந்தால் அவசியம் கொதிக்க வையுங்கள். பச்சையான சாற்றில் உள்ள நொதி இறைச்சியைக் குழைத்துவிடும். பழுப்புச் சர்க்கரை என்பது வெல்லப்பாகு நீங்காத சர்க்கரை; இன்று பல ஆலைகள் வெள்ளைச் சர்க்கரையில் அந்தப் பாகைத் திரும்பக் கலந்தே அதைச் செய்கின்றன. ஆகவே வீட்டில் நாட்டுச் சர்க்கரை இருந்தால் அதையே போடலாம், நன்றாகவே மின்னும். பாரசீகமும் வெனிசும் கரீபியனும் சுற்றிய ‘சர்க்கரை’ என்ற அந்தச் சொல், அப்போது புறப்பட்ட ஊரின் டப்பாவிலிருந்தே சட்டியில் விழும்.